சிவப்பே இல்லாத தாள்

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு பக்கத்தை இரண்டு பேர் அடிப்பதில்லை. கம்ப்யூட்டரே படித்து, அதுவே எழுத்தாக்கி, சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சள் பூசிக் கொடுத்துவிடுகிறது. மஞ்சளை மட்டும் ஓர் ஆள் பார்த்தால் போதும். முன்பு எப்படி வேலை நடந்தது என்று புதிதாக வந்தவர்களுக்குத் தெரியவில்லையாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கொன்று ஆண்டு மலருக்கு எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள்.

நான் எட்டாவது வரை படித்தவன். எழுதிப் பழக்கமில்லை. இத்தனை வருடமும் பிறர் எழுதியதைப் பார்த்து அடித்தேன். பார்க்காமல் அடிப்பது இதுதான் முதல் தடவை.

இதில் சுலோச்சனா என்ற பெயர் நிறைய வரும். காரணம் பொறாமை. முதலிலேயே சொல்லிவிட்டால் எனக்கு எளிது.

முதலில் நான் கோயம்புத்தூர் பீளமேட்டில் ஒரு மில்லில் இருந்தேன். நூல் கோர்க்கும் வேலை. தறிக்குப் போகும் பாவு நூலை ஒவ்வொன்றாக எடுத்து, கம்பிக் கண்களில் வரிசைப்படி கோர்த்து வாங்க வேண்டும். எந்தக் கண்ணில் நூல் வேண்டாம் என்று டிசைன் தாளில் இருக்கிறதோ, அந்தக் கண்ணைக் காலியாக விட வேண்டும். கை தவறி காலிக் கண்ணில் ஒரு நூல் போய்விட்டால், அங்கிருந்து கடைசி வரை எல்லா நூலும் ஒரு கண் தள்ளிப் போகும். துணி முழுக்கக் கோடு விழும். பன்னிரண்டு வருடத்தில் எனக்கு அப்படி ஆனதில்லை.

மில் மூடியது. துடியலூரில் டைப்ரைட்டிங் நிலையத்தில் சேர்ந்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தட்டினேன். லோயர் பாஸ் செய்தேன். பயிற்சி அவ்வளவுதான். பிறகு இந்த அலுவலகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வெளிநாட்டுப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் இடம். வரதராஜன் சார்தான் மேற்பார்வை.

"இங்கிலீஷ் தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க சார். எழுத்து மட்டும் தெரியுமுங்க."

"ரொம்ப நல்லது. நாளைக்கே வந்துரு."

நான் விழித்ததைப் பார்த்து அவரே சொன்னார்: "படிச்சவன் கண்ணுல பாக்கறதை அடிக்க மாட்டானப்பா. மனசுல படிச்சதை அடிப்பான். தப்புன்னு பட்டா திருத்திப்போடுவான். எனக்குத் திருத்தற ஆளு வேண்டாம். பாக்கற ஆளு வேணும்."

தெரியாது என்றதற்கு எனக்கு அதுவரை யாரும் நற்சான்று கொடுத்ததில்லை. அதை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

வேலை முறையைச் சொல்ல வேண்டும். ஒரே பக்கத்தை இரண்டு பேர் அடிப்போம். ஒருவர் ஏ. ஒருவர் பி. ஏ ஓர் அறையில், பி மறு அறையில். ஒரே புத்தகத்தில் இருக்கும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசக் கூடாது. மதியம் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. மறுநாள் காலை கம்ப்யூட்டர் இரண்டையும் ஒப்பிட்டு, வித்தியாசப்படும் வரிகளை மட்டும் ஒரு தாளில் அச்சடிக்கும். இடது பக்கம் ஏ, வலது பக்கம் பி. வரதராஜன் சார் மூலப் பக்கத்தை எடுத்து வைத்து, வரிக்கு அடியில் ஸ்கேலைப் பிடித்து, இடமிருந்து வலமாக விரலை நகர்த்திப் பார்ப்பார். அப்போது மூச்சு விட மாட்டார். பார்த்து முடித்து, தப்பாக அடித்த பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். பத்து மணிக்குத் தாள் அறிவிப்புப் பலகையில் தொங்கும். அதில் பெயர் இருக்காது. பெயர் தேவையும் இல்லை. யார் ஏ, யார் பி என்று டீ கொண்டு வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள் என்பதுதான் இந்த முறையின் அஸ்திவாரம். அதனால் இரண்டும் ஒத்துப்போன வரியை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வரதராஜன் சார் யாரையும் திட்டியதில்லை. கோபம் வந்தால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். பேசி முடித்ததும் கட்டிக்கொள்வார். கடிகாரம் கையில் இருக்கும்வரை பயமில்லை. சட்டைப் பையில் கறுப்புக் கைப்பிடி வைத்த ஒரு லென்ஸ் இருக்கும். அதை யாரிடமும் கொடுக்க மாட்டார். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

சில வருடங்களில் நான்தான் அங்கே நல்ல கை என்று பெயர் வந்தது. தாளில் என் பக்கம் வெள்ளையாகவும் எதிர்ப் பக்கம் சிவப்பாகவும் இருக்கும். நான் அதைப் பற்றிப் பேசியதில்லை. பத்து மணிக்குப் பலகையைப் பார்ப்பேன். போய் உட்காருவேன்.

அப்போதுதான் அந்தப் புத்தகம் வந்தது. கூடவே சுலோச்சனாவும் வந்தார். பி.ஏ. இங்கிலீஷ். வீடு பீளமேட்டிலேயே. புத்தகம் எழுதியவருக்குக் கடிதம் எழுத ஒரு படித்த ஆள் வேண்டும் என்று எடுத்தார்கள். ஆள் குறைவாக இருந்ததால் அடிக்கவும் உட்கார வைத்தார்கள். நான் ஏ. அவர் பி.

அது ஓர் இலக்கணப் புத்தகம். அமெரிக்காவில் ஒரு வயதான பேராசிரியை பல வருடம் அங்குள்ள பழங்குடி மக்களோடு இருந்து, கேட்டுக் கேட்டு, டைப்ரைட்டரில் அடித்து வைத்தது. டைப்ரைட்டரில் இல்லாத குறிகளைப் பேனாவால் போட்டிருந்தார். எழுத்துக்கு அடியில் கொக்கி, தலையில் சாய்கோடு, குறுக்கே வெட்டிய எல். பாஷையின் பெயர் நவஹோ. அதபாஸ்கன் என்று ஒரு பெரிய குடும்பமாம், அதில் ஒன்று. ஆடு வளர்த்து, கம்பளி நெய்கிறவர்கள் பேசுவது என்று வரதராஜன் சார் சொன்னார். நெய்கிறவர்கள் என்று கேட்டதும், இது என் புத்தகம் என்று மனதில் எழுதிக்கொண்டேன்.

புத்தகத்தில் பாதிக்கு மேல் வினைச்சொல்தான். நம் பேச்சில் வினைச்சொல் பின்னால் நீளும். வந்தேன், வந்துகொண்டிருந்தேன். வேர் முன்னால் நிற்கும், யார் என்பது கடைசியில் தெரியும். அங்கே தலைகீழ். வேர் கடைசியில் நிற்கிறது. மற்றதெல்லாம் அதற்கு முன்னால் வரிசையாக வந்து ஒட்டுகிறது. பேராசிரியை பத்துக் கட்டம் போட்டிருந்தார். மறுபடி மறுபடி செய்வதா என்பதற்கு ஒரு கட்டம். அதற்கு அடுத்தது, பல பேர் செய்வதா என்பதற்கு. அதற்கு அடுத்தது, யாரை, எதை என்பதற்கு. அப்படியே போய், கடைசிக்குக் கிட்டத்தில்தான் செய்கிறவர் வருகிறார். வேரை ஒட்டி ஒரு சின்ன எழுத்து. தானாக நடந்ததா, ஒருவர் நடத்தியதா என்பது பெரும்பாலும் அதில் தெரியும். ஒரு சொல்லே ஒரு வாக்கியம். எந்தத் துண்டும் தன் இடத்தை விட்டு மாறாது. ஒரு சொல்லில் பத்துக் கட்டமும் நிறைவதில்லை. நான்கில் இருக்கும், ஐந்தில் இருக்கும். மீதி காலி. காலியும் வரிசையில் நிற்கும்.

அர்த்தமெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. வரிசை விரலுக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. கம்பிக் கண்ணும் இதுவும் ஒன்றுதான். ஒரு கட்டம் முடிந்தால் ஒரு நெடுங்கோடு அடிக்க வேண்டும். காலிக் கட்டம் என்றால் நெடுங்கோடு இரண்டு, அடுத்தடுத்து.

இந்தப் புத்தகத்துக்குப் பிறகு அதே பாஷைக்கு ஓர் அகராதி வரும், பல பாகம், அதற்கு ஒரு சரிபார்ப்பாளர் வேண்டும் என்று பேச்சு இருந்தது. சரிபார்ப்பாளருக்கு வரதராஜன் சார் அறையில் நாற்காலி. கையில் சிவப்புப் பென்சில். ஏ, பி இருவரில் ஒருவருக்குத்தான். எனக்கு அது வேண்டும். வாய் திறந்து யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாம் வாரம் சார் அறைக்குத் தாள் வாங்கப் போனேன். உள்ளே சுலோச்சனா நின்றுகொண்டிருந்தார். சார் சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து நீட்டினார்.

"இந்தா அம்மணி. எது கொக்கி, எது தூசின்னு இதுல பாரு. வேலை முடியறவரைக்கும் நீயே வெச்சுக்கோ."

எனக்கும் கொக்கி இருந்தது. எனக்கும் தூசி இருந்தது. நான் கேட்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். சுலோச்சனா வளையலைக் கழற்றி விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடிப்பார். விசையைப் பார்க்க மாட்டார். பத்து விரலும் போகும். எனக்கு ஆறு விரல்தான் போகும். அவர் அறையில் ஜன்னல் உண்டு. சார் அவரை அம்மணி என்பார். என்னை "ஏனப்பா" என்பார். பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. ஆள் வருவதற்கு முன், முந்தின நாள் தாளில் அவருக்கு எத்தனை கோடு, எனக்கு எத்தனை கோடு என்று எண்ணுவதற்காகவே ஒரு பஸ் முன்னால் ஏறினேன்.

வீட்டில் மனைவி சரசுவிடம் சொல்வேன். "இன்னைக்கு அவிகளுக்கு நாலு. எனக்கு ஏழு."

"என்னுங்க, இட்லிங்களா?"

"கோடு."

"அந்தம்மாளுக்குக் கோடு உழுந்தா நம்மூட்டு அடுப்புல என்னுங்க வேகப்போகுது? சோறு ஆறுது, உண்ணுங்க."

மறுநாளும் சொன்னேன். அதற்கு மறுநாளும். சரசு கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சரசுங்கற என்ற பேரை இந்த வருசத்துல எத்தனை தடவைங்க சொல்லியிருப்பீங்க? அதுக்கும் சுவத்துல ஒரு கோடு போட்டு வையுங்க, பாப்போம்."

மதியச் சாப்பாட்டுக்கு எனக்கு மூலை மேஜை. சுலோச்சனாவுக்கு நடு மேஜை. அங்கே, அடித்ததை அச்சுக்குப் பக்கம் கட்டுகிற குமரவேலும் மற்றவர்களும் கூட்டமாக உட்காருவார்கள். வேறு வேலை செய்கிறவர்களிடம் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தடையில்லை. அவர் பேசுவார். மூலை வரை கேட்கும்.

"அந்த ஊருல சும்மா 'குடு'ன்னு சொல்ல முடியாதுங்க. குடுக்கற சாமானைப் பாத்துத்தான் சொல்லே. கல்லு மாதிரி உருண்டையா இருந்தா ஒரு குடு. குச்சியாட்ட இருந்தா ஒரு குடு. கயிறு, நூலுக்கு வேற. பஞ்சாட்டப் பொசபொசன்னு இருந்தா அதுக்கு ஒண்ணு. சேறு, மாவுக்குத் தனி."

குமரவேல் கையில் இருந்ததைத் தூக்கிக் காட்டினான். "அப்ப இந்த வடைக்குங்கக்கா?"

"அது கெட்டி. உருண்டைல சேத்திக்கலாம்."

"நடுவுல ஓட்டை இருக்குதுங்களே?"

"ஓட்டையை நீ வெச்சுக்க. வடையை இங்க குடு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பஞ்சுக்கு ஒரு சொல், நூலுக்கு ஒரு சொல் என்று அந்த மேஜையில் சொல்ல வேண்டியவன் நான். பஞ்சு நூலாகிறதைப் பார்த்தவன் நான். அவர் ஒரு மில்லின் கேட்டைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார். ஆனால் அர்த்தம் அவரிடம் இருந்தது. என்னிடம் வரிசைதான் இருந்தது. டிபன் பாக்ஸை மூடினேன்.

மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு சின்ன அட்டவணை. மூன்றாவது கட்டத்துக்கும் நான்காவதுக்கும் நடுவில் அகலமாக வெள்ளை இருந்தது. காலிக் கட்டம் என்று நினைத்து இரட்டை நெடுங்கோடு அடித்தேன். சுலோச்சனா ஒட்டி அடித்திருந்தார். சார் தலைப்புகளை எண்ணிப் பார்த்திருக்கிறார். அங்கே கட்டமே இல்லை. பேராசிரியையின் டைப்ரைட்டர் தாராளமாக இடம் விட்டிருந்தது, அவ்வளவுதான். வரிக்கு ஒன்றாக என் பக்கம் முழுவதும் சிவப்பு. தாளின் மேலிருந்து அடிவரை.

குமரவேல் பலகை முன்னால் நின்றுகொண்டு, "ஏ பக்கம் இன்னைக்குக் குங்கும அபிசேகமாட்ட இருக்குதுங்" என்றான். சுலோச்சனா அவனிடம், "பேசாம போடா" என்றார். என்னைப் பார்த்தார். அவர் பரிதாபப்பட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வித்தியாசத் தாளை ஆறு மாதம் படித்தால் எதிராளியின் கை தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் சுலோச்சனா கொக்கி போடுவார். வெள்ளை இடம் வந்தால் ஒட்டுவார். வரி மடங்கினால் சேர்ப்பார். நான் அதைப் படித்தேன். தெளிவில்லாத இடம் வந்தால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதை விட்டேன். சுலோச்சனா என்ன அடிப்பார் என்று யோசித்தேன். அதை அடித்தேன். இருவரும் ஒத்துப்போனால் வரி தாளில் வராது. தாளில் வராத வரிக்குக் கோடு இல்லை. என் பக்கம் சிவப்பு குறைந்தது.

"ஏனப்பா, இப்பத் தேறிட்டியாட்ட இருக்குது" என்றார் சார். பல வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான். அந்த முறையும் எனக்கு அது சேராது.

பிறகு ஏழாம் அத்தியாயம் வந்தது. பெரிய அட்டவணை. வினைச்சொற்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டது. பல பக்கம் ஓடும். கட்டத் தலைப்புகள் முதல் பக்கத்தில் மட்டும். அந்தப் பக்கம் முந்தைய பக்கக் கட்டோடு வேறு இருவருக்குப் போயிருந்தது. எங்களுக்கு வந்தவை தலைப்பில்லாத நாற்பது பக்கங்கள்.

எங்களுக்கு வந்த முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டேன். மறுபடி என்கிற கட்டத்துக்கும் எதை என்கிற கட்டத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைப் பட்டை மேலிருந்து கீழே ஓடியது. இது டைப்ரைட்டர் விட்ட இடம் இல்லை. பல பேர் என்பதற்கான கட்டம். செய்கிறவர் ஒருவராகவே இருந்ததால் வரிக்கு வரி காலி. மூன்றாம் பக்கத்தில் உறுதியாகிவிட்டது. அந்த வெள்ளைப் பட்டைக்கு நடுவில் ஒரே ஒரு வரியில் 'டா' என்கிற சின்னத் துண்டு தனியாக நின்றது. பல பேர் என்பதற்கு அதுதான் துண்டு. அதற்கு முன்னால் நூறு தடவை அதை அடித்திருந்தேன். காலிக் கண்ணில் ஒற்றை நூல் மாதிரி, தன் இடத்தில் நின்றது.

விரல் நெடுங்கோட்டின்மேல் நின்றது. இரண்டு அடிக்க வேண்டும். தெரியும்.

சுலோச்சனா ஒட்டுவார். அதுவும் தெரியும். நான் இரண்டு அடித்து அவர் ஒன்று அடித்தால், நாற்பது பக்கமும் வரிக்கு வரி வித்தியாசம். கட்டுக் கட்டாகத் தாள் வரும். சார் ஒருவேளை போன முறை மாதிரியே தீர்ப்புச் சொன்னால், பலகை முழுவதும் என் சிவப்பு. அந்த நாற்காலி போய்விடும். குமரவேல் நிற்பான். சுலோச்சனா என்னைப் பார்ப்பார்.

ஒன்று அடித்தேன். 'டா' வந்த இடத்தில் அதை அடுத்த கட்டத்தோடு ஒட்டினேன். நாற்பது பக்கமும் அப்படியே அடித்தேன். மில்லில் பன்னிரண்டு வருடம் செய்யாததை மூன்று நாளில் செய்து முடித்தேன்.

நான்காம் நாள் பலகையில் ஒரு தாள்தான் இருந்தது. புத்தகத்தின் பெயர், பக்க எண், கீழே ஒன்றுமில்லை. ஒரு வரிகூட வித்தியாசம் இல்லை. சிவப்பே இல்லாத தாளை அந்த அலுவலகம் அதற்கு முன் பார்த்ததில்லை. குமரவேல் கை தட்டினான். வரதராஜன் சார் தட்டவில்லை. எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கடிகாரம் கையில்தான் இருந்தது. ஆனால் வாரை நெருடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேரும் வெளிய எங்கியாச்சும் ஒண்ணா டீ குடிச்சீங்களா?"

"இல்லீங்க சார்" என்றோம்.

"தப்பு வந்தா எனக்குப் பயமில்லை. நாப்பது பக்கத்துல ஒரு தப்புங்கூட வல்லீன்னா, அப்பத்தான் பயம்."

அட்டவணையில் ஒரு பக்கத்தை எடுத்தார். இரண்டு நகல். ஆளுக்கொரு அறை. கதவைச் சாத்தி, மறுபடி அடிக்கச் சொன்னார். என் அறையில் அவரே வந்து சுவரில் சாய்ந்து நின்றார்.

அந்தப் பக்கத்திலும் ஒரு 'டா' இருந்தது. இப்போது இரண்டு அடிக்கலாம். அடித்தால், முதலில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்பார். அதற்குப் பதில் இருந்தது. சொல்லக்கூடிய பதில் இல்லை. ஒன்று அடித்தேன்.

இரண்டு தாளையும் அவர் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். ஒத்துப்போயின. வெகு நேரம் பார்த்தார். "ஆகட்டும்" என்றார். புத்தகம் பக்கம் கட்டப் போனது. பக்கம் கட்டுகிறவர்களும் எங்களைப் போலத்தான். கொடுத்ததைக் கட்டுவார்கள்.

ஒன்றரை மாதத்தில் பேராசிரியையிடமிருந்து கடிதம் வந்தது. சுலோச்சனா படித்துத் தமிழில் சொன்னார். நாற்பது பக்கத்திலும் ஒவ்வொரு துண்டும் ஒரு கட்டம் இடம் பெயர்ந்து நிற்கிறதாம். எதை என்பது பல பேர் என்ற தலைப்பின் கீழ் நிற்கிறது. செய்கிறவர் தன் இடத்தில் இல்லை. வேர் நிற்க வேண்டிய கடைசிக் கட்டம் புத்தகத்தில் வெறுமையாக இருக்கிறது. தனக்குச் சொல்லிக் கொடுத்தவர்களில் பல பேர் இப்போது உயிரோடு இல்லை, அவர்கள் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துக் காட்டியதை இப்படிக் குலைத்துவிட்டீர்களே என்று எழுதியிருந்தார். இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம் என்றீர்களே, இரண்டு பேருமா பார்க்கவில்லை என்று கேட்டிருந்தார்.

வரதராஜன் சார் கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"ஒரே கேள்வி. நடுவுல ஒரு கட்டம் காலியா இருக்குதுன்னு ரெண்டு பேர்ல யாருக்காச்சும் தெரிஞ்சுதா?"

சுலோச்சனா உடனே சொன்னார். "தெரியலீங்க சார். படிச்சவ நாந்தான் பாத்திருக்கோணும். என்ற தப்புங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்.

"எனக்கும் தெரியலீங்க" என்றேன்.

சார் என்னைப் பார்த்தார். "மில்லுல கோர்த்த ஆளாச்சே, ரங்கசாமி. காலிக் கண்ணு உனக்கா தெரியலை?"

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அப்போதுதான்.

"தெரியலீங்க சார்."

கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். பேச்சு முடிந்தது.

நாற்பது பக்கத்தையும் திரும்ப அடித்தோம். வரிக்கு வரி இரண்டு நெடுங்கோடு. அப்போதும் தாளில் சிவப்பு இல்லை. அதைப் பலகையில் யாரும் மாட்டவில்லை.

பேராசிரியைக்குப் பதில் எழுதியவர் சுலோச்சனா. மன்னிப்புக் கேட்டு, கட்டத்துக்குக் கட்டம் சந்தேகம் கேட்டு எழுதினார். அவரும் பதில் எழுதினார். இரண்டு பேருக்கும் கடிதப் பழக்கமாகிவிட்டது. அகராதி வந்ததும் நாற்காலி சுலோச்சனாவுக்குப் போனது. தப்பை ஒப்புக்கொண்டவரிடம்தானே பென்சிலைக் கொடுப்பார்கள். சார் செய்தது சரி.

புத்தகம் அச்சாகி ஒரு பிரதி வந்தது. சாப்பாட்டு மேஜையில் முன்னுரையின் கடைசிப் பத்தியைச் சுலோச்சனா படித்துக் காட்டினார். காலியாக நிற்கும் கட்டத்துக்கும் மதிப்புத் தந்து கவனித்த கோயம்புத்தூர் சுலோச்சனாவுக்கு நன்றி என்று இருந்தது. வேறு பெயர் இல்லை. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்போது நான் மூலை மேஜையில் உட்கார வேண்டியதில்லை. புத்தகம் முடிந்துவிட்டது. ஆனாலும் மூலையில்தான் இருந்தேன்.

அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தவன் நான். இரண்டு நெடுங்கோடு அடித்திருந்தால், கட்டுக் கட்டாகத் தாள் வந்திருக்கும். சார் முதல் பக்கத்தைத் தேடி எடுத்துத் தலைப்புகளை எண்ணியிருப்பார். எதிர்ப் பக்கம்தான் நாற்பது பக்கமும் சிவந்திருக்கும். சுலோச்சனாவை முந்த வேண்டும் என்று இருந்தவன், முந்தக்கூடிய ஒரே இடத்தில் அவரைப் பார்த்து அடித்தேன்.

ஓய்வு பெறும்வரை ஏ-யாகவே இருந்தேன். சார் ஓய்வு பெற்றுப் போனபோது லென்ஸை சுலோச்சனாவுக்கே கொடுத்துவிட்டுப் போனார். சுலோச்சனா என்னிடம் ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "அண்ணா, காபி குடிச்சீங்களா?" என்பார். குடித்தேன் என்பேன். இந்தப் பொறாமை குறைந்துவிட்டது என்று எழுதினால் மலருக்கு நன்றாக இருக்கும். குறையவில்லை.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பக்கங்களில் தனியாக நின்ற 'டா'வை அவரும் அடுத்த கட்டத்தோடு ஒட்டித்தான் அடித்திருந்தார். எல்லா இடத்திலும். இல்லாவிட்டால் அந்தத் தாள் வெள்ளையாக வந்திருக்காது. கண்ணில் படாமல் அதை எப்படி எடுத்து ஒட்டுவது? என் கையை அவரும் ஆறு மாதம் படித்தாரா? நான் போன முறை வாங்கிய சிவப்புக்குப் பயந்து ஒட்டிவிடுவேன் என்று அவரும் நினைத்தாரா? அல்லது நிஜமாகவே எழுத்துப் பிசகு என்று நினைத்தாரா? சார் போய்ச் சேர்ந்துவிட்டார். இனிக் கேட்க வேண்டியது சுலோச்சனாவிடம்தான். நான் கேட்கவில்லை.

இந்த மலருக்கும் பிழை பார்ப்பவர் சுலோச்சனாதான் என்று சொன்னார்கள். லென்ஸ் இன்னும் அவர் மேஜையில் இருக்கிறதாம். அதை வைத்துத்தான் இந்தப் பக்கத்தையும் பார்ப்பார். அதனால் இதை அவருக்கே எழுதி முடிக்கிறேன்.

அம்மணி, அந்த நாற்பது பக்கத்திலும் நான் காலிக் கட்டத்தைப் பார்த்தேன். பார்த்துத்தான் ஒட்டினேன். ஏ பக்கம் ஒரு கோடு போட்டுவிடுங்கள். பி பக்கம் போடுவதா வேண்டாமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தாள் வெள்ளையாக மட்டும் வர வேண்டாம்.